ஒளிந்திருக்கும் கிருமியும் உழைப்பாளியின் உயிரும்

சென்ற வாரம் சங்க ஆபீசில் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்து போனார்கள். ஒரு தோழர் மட்டும் போகாமல் நின்றார். மில்லில் இரவு ஷிப்ட் பார்ப்பவர். செல்போனில் தமக்கு வந்த ஒரு செய்தியைக் காட்டினார். "எச்.ஐ.வி. ஒழிந்தது! விஞ்ஞானிகள் வெற்றி!" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தோழர், இது நிஜமா? நிஜமானால் நான் மாத்திரையை நிறுத்தி விடலாமா?"

எட்டு வருஷமாக அவர் மாத்திரை சாப்பிட்டு வருகிறார் என்பதே அப்போதுதான் நமக்குத் தெரிந்தது. பக்கத்து மிஷினில் நிற்பவருக்குக் கூடத் தெரியாது. மாதம் ஒரு நாள் லீவு போட்டு, அந்த நாள் சம்பளத்தை இழந்து, பஸ் ஏறி, சர்க்கார் ஆஸ்பத்திரி ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை வாங்கி வருகிறார். ஒவ்வொரு தடவையும் மேஸ்திரியிடம் ஒரு பொய். எத்தனை பொய்தான் சொல்ல முடியும்? களைத்துப் போயிருந்தார் மனுஷர். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம்.

அவருக்கு நாம் சொன்ன பதில் இதுதான்: "நிறுத்தாதீர்கள். ஒரு நாள் கூட நிறுத்தாதீர்கள்."

ஆனால் காரணம் சொல்லாமல் உத்தரவு போடுவது நம் வழக்கமல்ல. இந்தக் கிருமியோடு வாழ்பவர்கள் நம் நாட்டில் சுமார் 25 லட்சம் பேர். உலகத்தில் 2024ம் வருஷக் கணக்குப்படி 4 கோடியே 8 லட்சம் பேர். அவர்களில் பெரும்பாலோர் உழைத்துச் சாப்பிடும் ஜனங்கள். ஆகவே இந்த விஷயம் அவர்களுக்கும் தெரிய வேண்டும், அவர்கள் பக்கத்தில் நின்று வேலை செய்யும் நமக்கும் தெரிய வேண்டும். நாம் டாக்டர் அல்ல. படித்தும் கேட்டும் தெரிந்து கொண்டதைச் சொல்கிறோம்.

கோரைக் கிழங்கு

வயலில் களை எடுத்தவர்களுக்குக் கோரையைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. மேலே தெரிவதைக் கொத்தி எறியலாம். வயல் சுத்தமாகி விட்டது போலத் தோன்றும். ஆனால் மண்ணுக்குள் கிழங்கு கிடக்கும். ஒரு மழை பெய்ய வேண்டியதுதான், மறுபடி தலை நீட்டும்.

எச்.ஐ.வி. கிருமியும் இந்த ரகம்தான்.

நம் ரத்தத்தில் வியாதியை எதிர்த்து நிற்கும் வெள்ளை அணுக்கள் உண்டு. அவற்றில் சி.டி.4 என்பது ஒரு வகை. இந்தக் கிருமி அதற்குள்ளேதான் புகுகிறது. புகுந்ததும் சும்மா இருப்பதில்லை. லேவாதேவிக்காரன் பேரேட்டின் நடுவில் ஒரு கள்ளக் கணக்கை எழுதி வைப்பது போல, அந்த அணுவின் மரபணுவுக்குள்ளேயே தன் சங்கதியை எழுதி விடுகிறது. பிறகு அந்த அணு கிருமிக்குக் கூலியில்லாமல் வேலை செய்கிறது. ஆயிரக்கணக்கில் புதுக் கிருமிகளை உற்பத்தி செய்து கொடுத்து விட்டு ஓரிரு நாளில் செத்துப் போகிறது.

எல்லா அணுவும் இப்படிச் சாவதில்லை. சில அணுக்கள் ஒரு வியாதியை எதிர்த்துப் போராடிய பிறகு, அதே வியாதி மறுபடி வந்தால் பார்த்துக் கொள்ளலாம் என்று வருஷக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். அந்த அணு உறங்கும் போது அதன் பேரேட்டில் எழுதப்பட்ட கிருமியும் உறங்குகிறது. இதுதான் கிழங்கு. இதைத்தான் விஞ்ஞானிகள் ஒளிந்திருக்கும் கிருமியின் சேமக்கிடங்கு என்று சொல்கிறார்கள்.

மாத்திரை என்ன செய்கிறது? கிருமி தன்னை நகல் எடுப்பதைத் தடுக்கிறது. புது அணுவின் பேரேட்டில் எழுதுவதைத் தடுக்கிறது. அதாவது வேலை செய்யும் கிருமியை மடக்குகிறது. உறங்கும் கிருமியோ வேலை எதுவும் செய்வதில்லை. தடுப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை! உடம்பின் காவல் அணுக்களுக்கும் அது கண்ணில் படுவதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அது நல்ல அணுவைப் போலவே இருக்கிறது.

இப்படி உறங்கும் சி.டி.4 அணுக்களில், மறுபடி கிளம்பக்கூடிய கிருமியை வைத்திருப்பது சுமார் பத்து லட்சத்தில் ஒன்றுதான். வைக்கோற்போரில் ஊசி தேடுவது இதை விடச் சுலபம். ரத்தத்தில் மட்டுமா? நிணநீர்க் கட்டிகளில், குடலில், மூளையிலும் ஒளிந்திருக்கிறது. அது மட்டுமல்ல. உறங்கும் அணு இரண்டாகப் பிரிந்தால் கள்ளக் கணக்கும் சேர்ந்து இரண்டாகிறது. கோரைக் கிழங்கு மண்ணுக்குள்ளேயே பெருகுவது போல.

73 வருஷக் கணக்கு

1981ல் அமெரிக்காவில் இந்த வியாதி முதன் முதலாகப் பதிவாயிற்று. 1983ல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். 1986ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும், ஆராய்ச்சி மாணவியாக இருந்த டாக்டர் நிர்மலாவும் நம் நாட்டில் இந்தக் கிருமி இருப்பதை முதலில் நிரூபித்தார்கள். அன்று மருந்து என்று சொல்ல எதுவும் இல்லை. படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

1996ல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் வைத்தியம் வந்தது. எலும்பும் தோலுமாகக் கிடந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள். ரத்தத்தில் கிருமி தென்படவில்லை. இரண்டு மூன்று வருஷம் இப்படியே மருந்து கொடுத்தால் கிருமி அடியோடு ஒழிந்து விடும் என்று சில விஞ்ஞானிகள் கணக்குப் போட்டார்கள்.

1997ல் அந்தக் கணக்குப் பொய்த்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையின் ராபர்ட் சிலிசியானோ உள்பட அமெரிக்காவில் மூன்று குழுக்கள் இந்த உறங்கும் கிருமியைப் பிடித்துக் காட்டின. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் உடம்பிலும் அது இருந்தது. அது எவ்வளவு மெதுவாகத் தேய்கிறது என்று பார்த்தார்கள். மாத்திரையால் மட்டும் அது தீர வேண்டுமானால் 73 வருஷத்துக்கு மேலாகும் என்று 2003ல் கணக்கு வந்தது. ஒரு மனிதனின் ஆயுசுதான் அது!

மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும்? பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று வாரத்தில் கிருமி திரும்பி வருகிறது. எங்கோ ஒரு அணு விழிக்கிறது. அது போதும். அந்த மில் தோழருக்கு "ஒரு நாள் கூட நிறுத்தாதீர்கள்" என்று நாம் சொன்னதற்கு இதுதான் காரணம்.

குணமானவர்கள் இல்லையா?

இருக்கிறார்கள். பெர்லினில் வசித்த அமெரிக்கர் டிமோதி ரே பிரவுன் முதல்வர். அவருக்கு எச்.ஐ.வி.யோடு ரத்தப் புற்றுநோயும் வந்தது. 2007லும் 2008லும் டாக்டர் கெரோ ஹ்யூட்டர் அவருக்கு வேறொருவரின் எலும்பு மஜ்ஜை அணுக்களைச் செலுத்தி வைத்தியம் செய்தார். அந்த தானம் கொடுத்தவரைத் தேடிப் பிடித்தார்கள். ஏன்? இந்தக் கிருமி அணுவுக்குள் நுழைய ஒரு வாசல் வேண்டும். சிலர் பிறவியிலேயே அந்த வாசல் இல்லாதவர்கள். வட ஐரோப்பிய வம்சத்தில் நூற்றுக்கு ஒருவர் அப்படி. பழைய ரத்தம் போய், வாசலில்லாத புது ரத்தம் வந்தது. பிரவுன் மாத்திரையை நிறுத்தினார். கிருமி வரவே இல்லை. 2020ல் அவர் காலமானார். அப்போதும் எச்.ஐ.வி.யால் அல்ல, திரும்பி வந்த புற்றுநோயால்.

பிறகு லண்டனில் ஒருவர், ஜெர்மனியின் டுஸ்ஸல்டார்ப் நகரில் ஒருவர் என்று இந்த வழியில் தேறியவர்களை விரல் விட்டு எண்ணி விடலாம். 4 கோடிப் பேரில் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்! புற்றுநோய் வந்து வேறு வழியில்லாத போது செய்யும் வைத்தியம் இது. உயிருக்கே ஆபத்தானது. நன்றாக நடமாடுகிறவருக்கு எந்த டாக்டரும் செய்ய மாட்டார். வாசலில்லாத ரத்தமோ ஆப்பிரிக்காவிலும் நம் நாட்டிலும் மிக அபூர்வம்.

ஏமாந்த கதைகளும் உண்டு. பாஸ்டன் நகரில் இரண்டு பேருக்கு மஜ்ஜை மாற்றிய பின் எந்தப் பரிசோதனையிலும் கிருமி தெரியவில்லை. 2013ல் மாத்திரையை நிறுத்திப் பார்த்தார்கள். ஒருவருக்கு 12 வாரத்திலும் மற்றவருக்கு 32 வாரத்திலும் கிருமி திரும்பியது. மிஸிஸிப்பி மாகாணத்தில் பிறந்து 30 மணி நேரத்தில் மருந்து கொடுக்கப்பட்ட ஒரு குழந்தை குணமாகி விட்டது என்று 2013ல் உலகமே கொண்டாடியது. மருந்தில்லாமல் 27 மாதம் நன்றாக இருந்த பிறகு, 2014ல் கிருமி தலை காட்டியது. பஞ்சுப் பேலுக்குள் புகையும் நெருப்பை மில்காரர்கள் அறிவார்கள். மேலே தொட்டால் சூடு தெரியாது. அணைந்து விட்டது என்று நினைத்து அடுக்கி வைத்தால் நாள் கழித்துப் பற்றிக் கொள்ளும்.

இன்று என்ன நடக்கிறது?

விஞ்ஞானிகள் கையைக் கட்டிக் கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. பல வழிகளில் முயல்கிறார்கள்.

முதல் வழி, உறங்கும் கிருமியை எழுப்பிக் கொல்வது. கோரையை வேண்டுமென்றே முளைக்க விட்டுக் கிழங்கோடு பிடுங்குவது மாதிரி. புற்றுநோய் மருந்து ஒன்று கிருமியை எழுப்புகிறது என்று 2012ல் காட்டினார்கள். ஆனால் எழுப்பினால் போதாது, கொல்ல வேண்டும். எழுப்பும் மருந்தையும் தடுப்பூசியையும் சேர்த்து பிரிட்டனில் 60 பேரை வைத்துச் சோதித்தார்கள். சாதாரண மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமே இல்லை.

2025ல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில், டோஹர்ட்டி நிலைய விஞ்ஞானிகள் ஒரு படி முன்னே போனார்கள். கொரோனா தடுப்பூசியில் இருந்ததைப் போல ஒரு நுண்ணிய கொழுப்புத் துளிக்குள் செய்தி வைத்து, உறங்கும் அணுவுக்குள் அனுப்பி, கிருமியை எழுப்பிக் காட்டினார்கள். அந்த அணுவுக்குள் எதையும் செலுத்துவது அதுவரை பெரும்பாடாக இருந்தது. ஆகவே இது நல்ல வெற்றி. ஆனால் எங்கே நடந்தது? நோயாளிகளிடமிருந்து எடுத்த அணுக்களில், ஆராய்ச்சி சாலைக் கண்ணாடிக்குள்! மனித உடம்பில் அல்ல. தோழரின் செல்போனுக்கு வந்த "எச்.ஐ.வி. ஒழிந்தது" செய்தியின் பூர்வோத்திரம் இதுதான். விஞ்ஞானி "ஒரு படி" என்றார். செய்தி விற்பவன் "ஊர் வந்து சேர்ந்தாயிற்று" என்கிறான்.

இரண்டாவது வழி, பேரேட்டிலிருந்து கள்ளக் கணக்கைக் கத்தரித்து எடுப்பது. 2022ல் முதல் மனிதருக்கு அமெரிக்காவில் இந்த மருந்தைக் கொடுத்தார்கள். உடம்புக்குக் கெடுதல் செய்யவில்லை. ஆனால் மாத்திரையை நிறுத்திய மூன்று பேருக்கும் கிருமி திரும்பியது என்று 2024ல் தெரிவித்தார்கள். ஒருவருக்கு மட்டும் 16 வாரம் தாமதமாக வந்தது.

மூன்றாவது வழி, கிருமியை எழுப்பாமல் நிரந்தரமாக உறங்க வைத்துப் பூட்டி விடுவது. இது இன்னும் ஆரம்ப நிலையில் இருக்கிறது.

நான்காவது வழி, சக்தி மிக்க எதிர்ப்புப் பொருள்களை ஊசி வழியாகச் செலுத்துவது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை ஒட்டிய உம்லாசியில் இந்தச் சோதனை நடந்தது. உம்லாசி கறுப்பின உழைப்பாளிகள் வாழும் பேட்டை. கிருமி தொற்றிய சில நாட்களிலேயே கண்டுபிடித்து மருந்து ஆரம்பிக்கப்பட்ட 20 இளம் பெண்கள் அதில் பங்கு கொண்டார்கள். மருந்து சீக்கிரம் ஆரம்பித்தால் மண்ணுக்குள் கிழங்கு குறைவு அல்லவா? டாக்டர்கள் பக்கத்தில் இருந்து பார்த்து மாத்திரையை நிறுத்தினார்கள். 6 பேர் 48 வாரம் மாத்திரை இல்லாமல் இருந்தார்கள். 4 பேர் அதற்குப் பிறகும் இருந்தார்கள். 2025 மார்ச்சில் வெளியான முடிவு இது. அந்த எதிர்ப்புப் பொருள்களில் ஒன்றை முதலில் கண்டெடுத்தது அதே குவாசுலு-நடால் மாகாணத்துப் பெண் ஒருவரின் ரத்தத்திலிருந்து!

இதில் நமக்கு ஒரு முக்கியமான பாடம் இருக்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவியது இந்தக் கிருமியின் 'பி' வகை. நம் நாட்டிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருப்பது 'சி' வகை. உலகத்தில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருப்பது இதுதான். நோயாளிகளில் பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் ஆராய்ச்சி பெரும்பாலும் பணக்கார நாட்டு ஆண்களின் உடம்பில், 'பி' வகையில் நடந்திருக்கிறது. அவன் வயல் வேறு, நம் வயல் வேறு. நம் வயலின் கோரையை நம் வயலில்தான் ஆராய வேண்டும்.

மருந்து வந்தால் யாருக்கு வரும்?

மருந்து வரும் என்றே நாம் நம்புகிறோம். மனித அறிவு தோற்று நிற்காது. ஆனால் வந்தால் யாருக்கு? பழைய கணக்கைப் புரட்டுவோம்.

முதல் மருந்தான ஏ.இசட்.டி.யை 1964ல் அமெரிக்காவில் பொதுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சியில் உருவாக்கினார்கள். 1987ல் அதை விற்பனைக்குக் கொண்டு வந்த கம்பெனி வருஷத்துக்குச் சுமார் 10,000 டாலர் என்று விலை வைத்தது. நோயாளிகள் சும்மா இருக்கவில்லை. 1989 செப்டம்பரில் நியூயார்க் பங்கு மார்க்கெட்டுக்குள்ளேயே புகுந்து சங்கிலியால் தங்களைக் கட்டிக் கொண்டு கோஷமிட்டார்கள். சில நாட்களில் விலை 20 சதவீதம் இறங்கியது.

மூன்று மருந்து வைத்தியம் வந்த போது விலை வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல். 2001 பிப்ரவரியில் நம் நாட்டு சிப்லா கம்பெனி அதையே 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. எப்படி முடிந்தது? 1970ம் வருஷத்து நம் பேடண்ட் சட்டம், மருந்துப் பொருளை ஒரு கம்பெனியின் ஏகபோகச் சொத்தாக விடவில்லை. அந்தச் சட்டத்தை 2005ல் மாற்றி விட்டார்கள். மலிவு மருந்துக்கு வழி செய்த தென்னாப்பிரிக்க சர்க்காரின் மேல் 39 மருந்துக் கம்பெனிகள் வழக்குப் போட்டன. உலகமே காறித் துப்பிய பிறகு 2001 ஏப்ரலில் வழக்கை வாபஸ் வாங்கின. நம் நாட்டில் 2004 ஏப்ரல் முதல் மாத்திரை இலவசம். தாம்பரம் சர்க்கார் ஆஸ்பத்திரி ஆரம்பத்திலேயே கொடுத்த இடங்களில் ஒன்று. அந்த மில் தோழர் இன்று உயிரோடு இருக்கிறார் என்றால் காரணம் இவைதான்.

நாளைய வைத்தியம் எப்படி இருக்கும்? ரத்த அணு அரிவாள் போல வளைந்து போகும் ஒரு பரம்பரை ரத்தசோகை உண்டு. அதிகம் பாதிக்கப்படுவது ஆப்பிரிக்க மக்களும் நம் ஆதிவாசி மக்களும். மரபணுவைக் கத்தரித்து அதைக் குணப்படுத்தும் சிகிச்சைக்கு 2023 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. விலை? 22 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 18 கோடி ரூபாய். ஒரு ஆளுக்கு! எச்.ஐ.வி.யைக் கத்தரிக்கும் மருந்தும் இதே விலையில் வந்தால் நமக்கு வந்தது என்ன, வராவிட்டால் என்ன?

2025 ஜனவரியில் அமெரிக்க சர்க்கார் வெளிநாட்டு உதவியைத் திடீரென்று நிறுத்தி வைத்தது. ஆப்பிரிக்காவில் பல மருத்துவ நிலையங்கள் கதவடைத்தன. அதே வருஷம் தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகளுக்கு வந்து கொண்டிருந்த அமெரிக்க ஆராய்ச்சிப் பணம் பெருமளவில் நின்றது. எங்கே வழி தெரியத் தொடங்கியதோ, அங்கேயே விளக்கை ஊதினார்கள்! அடுத்தவன் தயவில் எரியும் விளக்குக்கு இதுதான் கதி.

போலிகள் ஜாக்கிரதை

மருந்து தாமதமாகும் இடத்தில் போலி வைத்தியன் கடை விரிப்பான். 2007ல் காம்பியா நாட்டு ஜனாதிபதி யாஹ்யா ஜம்மே, தானே மூலிகையால் எய்ட்ஸைக் குணப்படுத்துவதாகக் கிளம்பினார். நோயாளிகளை உண்மையான மாத்திரையை விடச் செய்தார். பலர் செத்தார்கள். நாட்டை ஆள்பவன் சொன்னாலே பொய் மருந்தாகாது என்றால், சுவரொட்டி ஒட்டுகிறவன் சொன்னால் ஆகுமா? "மாத்திரையை நிறுத்து, நான் குணப்படுத்துகிறேன்" என்று எவன் சொன்னாலும் அவன் உங்கள் கிழங்குக்குத் தண்ணீர் ஊற்றுகிறான்.

நாம் கேட்பது

இன்றைய மாத்திரை கிழங்கைத் தோண்டாது. ஆனால் பயிரைக் காப்பாற்றும். ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி தென்படாத நிலையில் இருப்பவர் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே நீண்ட நாள் வாழ்கிறார். உடலுறவின் மூலம் கூட அவரிடமிருந்து தொற்றுவதில்லை என்று ஐரோப்பாவில் நூற்றுக்கணக்கான தம்பதிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சிகள் நிரூபித்து விட்டன. ஒரே டம்ளரில் டீ குடித்தால், ஒரே மிஷினில் வேலை செய்தால் என்றைக்குமே தொற்றாது. பிறகு எதற்காக அந்தத் தோழர் மேஸ்திரியிடம் பொய் சொல்லிக் கொண்டிருக்க வேண்டும்?

2018 செப்டம்பரிலிருந்து அமலில் உள்ள எச்.ஐ.வி. சட்டம், இந்தக் கிருமி இருப்பதற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. அவர் சம்மதமில்லாமல் விஷயத்தை வெளியிடக் கூடாது என்கிறது. ஏட்டில் இருக்கிறது. மில் கேட்டுக்குள் வந்திருக்கிறதா? ஒவ்வொரு சங்கமும் கேட்க வேண்டும்.

மாத்திரை வாங்கப் போகும் நாளுக்குச் சம்பளத்தோடு லீவு வேண்டும். உடல்நிலை சீராக இருப்பவர்களுக்கு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எந்த மையத்திலும் "ஸ்டாக் இல்லை" என்ற சொல் காதில் விழக் கூடாது. 2022ல் டெல்லியில் நோயாளிகள் மாத்திரைத் தட்டுப்பாட்டை எதிர்த்து வாரக்கணக்கில் உட்கார்ந்து போராட வேண்டி வந்தது. அது மறுபடி நேரக் கூடாது. மாத்திரை தவறிய நாள்தான் கோரைக்கு மழை நாள்.

ஒளிந்திருக்கும் கிருமியைத் தேடும் ஆராய்ச்சிக்கு நம் சர்க்கார் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும். புனேயில் 1992ல் ஆரம்பித்த சர்க்கார் எய்ட்ஸ் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வேலூரிலும் சென்னையிலும் கைதேர்ந்த டாக்டர்கள் இருக்கிறார்கள். 'சி' வகைக் கிருமியும் இங்கேதான் இருக்கிறது. இல்லாதது பணமும் மனமும்தான். பொதுப் பணத்தில் கண்டுபிடித்த மருந்து பொதுச் சொத்தாக இருக்க வேண்டும் என்று இன்றே எழுதி வைக்க வேண்டும். மருந்து வந்த பிறகு விலையைப் பார்த்து அழுவதில் பிரயோஜனமில்லை.

அந்தத் தோழரிடம் இவ்வளவையும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அப்படியானால் என் ஆயுசுக்குள் மருந்து வராதா தோழர்?" என்றார். "வரும் என்று சத்தியம் செய்ய எங்களால் முடியாது. ஆனால் வரும் போது நீங்கள் இருக்க வேண்டும். அதற்குத்தான் மாத்திரை" என்றோம்.

மணியைப் பார்த்தார். மாத்திரை சாப்பிடும் நேரம். சங்க ஆபீஸ் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்தோம். யாருக்கும் ஒளிக்காமல் எங்கள் எதிரிலேயே போட்டுக் கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பினார்.